பலகையும் அதனோடு சேர்ந்த மடிக்கணினியும்

எங்கள் ஊருக்கு மடிக்கணினி வந்தது என்று சொன்னால் சபைக்காரர் கோபிப்பார்கள். வரவில்லை, திறந்து வைக்கப்பட்டது. கரையோர எண்ணிம மலர்ச்சிச் சபை என்ற முழுப்பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்கள் அந்தச் சபையிலேயே இரண்டொருவர்தான் என்பதால் நாங்கள் சபை என்று மட்டும் சொல்வோம். புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகிற பாதையில் குறிஞ்சிப்பிட்டிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருக்கிற எங்களைப் போன்ற ஊர்களை மலரவைப்பது அதன் வேலை. வெங்காயமும் மீனும் எங்களை ஏற்கெனவே ஓரளவு மலரவைத்திருந்ததைச் சபை கணக்கில் எடுக்கவில்லை.

விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசையில் மடிக்கணினி சிவப்பு நாடாவால் கட்டப்பட்டு அறுவைச் சிகிச்சைக்குப் போகிற நோயாளியைப்போல் கிடந்தது. தவிசாளர் நாடாவை வெட்டி மூடியை உயர்த்தினார். படக்காரர் தவறவிட்டதால் மூடிவிட்டு மறுபடியும் உயர்த்தினார். பிறகு பேசினார்.

"அன்பார்ந்த கரையோர மக்களே! இதற்கு முன் நான் ஒரு பாலத்தையும் ஒரு சந்தையையும் பொது மலசலகூடம் ஒன்றையும் திறந்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் என் பெயர் பொறித்த பலகை இருக்கிறது. பாலம் வெள்ளத்தோடு போய்விட்டது. பலகை இன்றைக்கும் நிற்கிறது. அதுதான் அபிவிருத்தி!"

கைதட்டினோம். சாப்பாடு பின்னால்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

பலகை இல்லாமல் எதையும் திறக்கக்கூடாது என்பது சபையின் விதி. ஆகவே ஒரு சாண் நீளத்தில், நான்கு விரல் உயரத்தில், ஒரு பித்தளைப் பலகையும் வந்திருந்தது. தவிசாளரின் பெயர், பட்டங்கள், பட்டங்களைக் கொடுத்தவர்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரே போதிய இடங்களில் எழுதிவைத்துவிட்டார். பலகையை எங்கே பூட்டுவது என்று மேடையிலேயே ஆலோசனை நடந்தது. மூடியில் பூட்டினால் திறக்கும்போது பெயர் தலைகீழாகிவிடும். அடியில் பூட்டினால் மேசைதான் வாசிக்கும். கடைசியில் ஓர் உத்தியோகத்தர் கணினியின் இடப்பக்க ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

"சேர், துளையெல்லாம் போட்டே அனுப்பியிருக்கிறாங்கள்!" என்றார் அவர்.

திருகாணிகளை அந்தத் துளைகளில் முறுக்கிப் பலகையை நிமிர்த்திவிட்டார்கள். உள்ளே இருக்கும் சூட்டுக்காற்று வெளியே போவதற்கென்று கணினியைச் செய்தவர்கள் விட்ட ஒரே வழி அதுதான். அது எங்களுக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் சாப்பாட்டுக்கு முன் சொல்லியிருக்க மாட்டோம்.

கணினியை வைக்கக் கட்டடம் இல்லை. கட்டடம் அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். அதுவரை அதை மீன் வைக்கும் ஐஸ் அறைக்குப் பொறுப்பாக இருக்கும் றஊப் தன் வீட்டில் வைத்திருக்க முன்வந்தார். சம்பளம் இல்லாத அந்தப் பொறுப்பை அவர் கேட்டு வாங்கியதற்குக் காரணம் இருந்தது. றஊபின் வாப்பாவுக்கு மன்னார்ப் பக்கம் ஒரு காணி உண்டு. தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஊரோடு கிளம்பி விட்டுவிட்டு வந்த காணி. சண்டை முடிந்து போய்ப் பார்த்தால் கிணறு இருந்தது, வேலி இல்லை. அடுத்த முறை போனபோது ஏதோ ஓர் அரசாங்கத் திணைக்களம் எல்லைக்கல் நட்டிருந்தது. இப்போது அந்தக் காணிகளுக்கெல்லாம் கடைசி விசாரணை என்று அறிவித்திருந்தார்கள். விசாரணை எண்ணிமமயமாகி, அதாவது டிஜிட்டலாகிவிட்டதால் நேரில் வருவோர் ஏற்கப்படமாட்டார்கள். கைத்தொலைபேசியும் செல்லாது. சபையின் கணினி வழியாக, முகம் தெரிய, பேர் கூப்பிடும்போது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காணி திணைக்களத்துக்கு.

"அல்லாஹ்வே பாத்துத்தான் இதை நம்ம வீட்டுக்கு அனுப்பியிருக்கான்" என்றார் றஊப்.

அவருடைய மனைவி கமீலா கணினியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "அல்லாஹ் அனுப்பினதெண்டா இவ்வளவு கொதிக்காதுங்க. இது வேற எங்கயோ இருந்து வந்திருக்கு."

கணினி கொதித்தது உண்மை. போட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளே விசிறி அவுட்போட் எஞ்சினைப்போல் இரையும். வயரில் செருகியிருக்கும்போதே பற்றரி இறங்கிக்கொண்டே போகும். பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் அணைந்துவிடும். றஊப் பரீட்சார்த்தமாக மன்னாரிலிருக்கும் மச்சானுக்கு வீடியோ அழைப்பு எடுத்துச் சலாம் சொன்னார். மச்சான் "வஅலைக்கும்" என்று தொடங்குவதற்குள் திரை இருண்டது. கமீலா காலையில் சாப்பிடும் பாண் துண்டை அதன்மேல் வைத்துச் சூடாக்கத் தொடங்கினார். அந்த வேலையை மட்டும் கணினி குறையில்லாமல் செய்தது.

முறைப்பாட்டைக் கேட்டுச் சபையின் தொழினுட்ப உத்தியோகத்தர் மதுரன் மோட்டார்சைக்கிளில் வந்தார். முன்னேஸ்வரத்துப் பிள்ளை, நல்ல படிப்பு, றஊபை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடுவார். கணினியில் போட்டிருப்பது லினக்ஸ் என்றும், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாதது என்பதால் சபை தெரிவுசெய்தது என்றும், சபை தெரிவுசெய்தவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான் என்றும் சொன்னார். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினார். வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் துள்ளிக்கொண்டு வந்தது.

"இஞ்ச பாருங்க நானா. இதெல்லாம் உள்ளுக்கு ஓடுற புரோசஸ். கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர் எண்டு வைங்களேன். ஆக மேல நிக்கிறது மின்சாரத்த மிச்சம் பிடிக்கிற ஆள்."

"நல்லந்தானே தம்பி. எவ்வளவு மிச்சம் பிடிக்கிறான்?"

"கணினியிட முழுச் சக்தியையும் அவன்தான் தின்னுறான்."

றஊபுக்கு விளங்கவில்லை. மதுரன் பொறுமையாகச் சொன்னார். கணினி சூடாகிறது. சூட்டைக் கண்டதும் இவன் எழும்பி வேகத்தைக் குறைக்கிறான். கொஞ்சம் ஆறியதும் கூட்டுகிறான். கூட்டினதும் சூடாகிறது. நிமிடத்துக்கு எத்தனையோ தரம் இப்படிக் குறைத்துக் கூட்டுகிற வேலையிலேயே இவனுக்கு மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சிலேயே கணினி இன்னும் சூடாகிறது.

"அப்ப முதல்ல ஏன் சூடாகுது?"

மதுரன் பித்தளைப் பலகையைப் பார்த்தார். றஊப் பலகையைப் பார்த்தார். அடுப்படி வாசலில் நின்ற கமீலாவும் பலகையைப் பார்த்தார். பூனைக்கு மணி கட்டுகிற வேலை தன் பதவிக்குறிப்பில் இல்லாததால் மதுரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடல்காத்து நானா. உப்பு" என்றார்.

சபை அதற்கு ஒரு பரிகாரம் வைத்திருந்தது. மின்காவலன் என்று ஒரு செயலி. கணினியில் ஏற்கெனவே இருந்த மிச்சம்பிடிப்பவன் சரியாக மிச்சம் பிடிக்கிறானா என்று பார்ப்பது அதன் கடமை. மதுரன் அதை ஏற்றிவிட்டுப் போனார். இப்போது ஒருவன் வேகத்தைக் குறைக்க, மற்றவன் ஏன் குறைத்தாய் என்று கூட்ட, பாண் முன்னையிலும் சீக்கிரம் கருகியது.

மறுபடி முறைப்பாடு. இந்தமுறை மின்காவலன் மேற்பார்வையாளன் என்ற செயலி வந்தது. அதற்கும் அடுத்து, சூடு மாறுகிற ஒவ்வொரு முறையும் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பும் செயலி. அறிக்கை அனுப்பினால் சூடு மாறும். மாறினால் அறிக்கை அனுப்ப வேண்டும். இப்படி எங்கள் ஊரிலிருந்து மட்டும் போன அறிக்கைகளைக் கண்டு மனம் மகிழ்ந்த சபை, அந்தக் காலாண்டில் மிகச் சுறுசுறுப்பாக இயங்கும் நிலையம் என்று றஊபின் வீட்டுக்குச் சான்றிதழ் அனுப்பியது. சான்றிதழ் வந்த அன்று கணினியைக் கையால் தொட முடியவில்லை. கமீலா அடுப்படிப் பிடிசீலையால் பிடித்துத்தான் இடம் மாற்றினார்.

விசாரணைத் திகதி நெருங்கியது. றஊப் இளைத்துப்போனார். பேர் கூப்பிடுகிற நேரத்தில் இது அணைந்தால் வாப்பாவின் கிணறு போச்சு என்று ஐஸ் அறையில், தேத்தண்ணிக் கடையில், பள்ளிவாசலில் கைகால் கழுவும் ஹவுழடியில், காண்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பலகையைக் கழற்றிவிடு என்று நாங்கள் எல்லாரும் காதோடு காதாகச் சொன்னோம். எங்கள் பேரைச் சொல்லாதே என்றும் சொன்னோம். சந்தைப் பலகையில் காகம் எச்சமிட்டதற்கே விசாரணை வைத்த சபை அது.

கடைசியில் பிரதிப் பணிப்பாளர் தில்லையம்பலமே வந்தார். வெள்ளைச் சேட்டு, கூட இரண்டு வாகனம், உதவியாளர்கள். கதிரை போட்டார்கள். கணினியைத் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"ஐயா, குறை நினைக்காதீங்க. இந்தப் பலகையக் கொஞ்சம் கழட்டினா காத்துப் போகும். காத்துப் போனா சூடு ஆறும். எனக்கு விசாரணை முடியுற மட்டும் போதும். பிறகு நானே பூட்டித் தாறன்" என்றார் றஊப்.

 மதுரன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரதிப் பணிப்பாளர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது. விளக்கம் கொடுத்தார்.

"றஊப், நீங்கள் விஷயத்தைத் தலைகீழாகப் பார்க்கிறீர்கள். இது மடிக்கணினியில் பூட்டிய பலகை அல்ல. சபையின் பொருட்பதிவில் இது எப்படி இருக்கிறது தெரியுமா? 'பித்தளைப் பலகை ஒன்று, அதனோடு சேர்ந்த மடிக்கணினியுடன்.' மடிக்கணினி என்ன, நாலைந்து வருடம் கிடக்கும். பிறகு குப்பை. பலகை அப்படியா? அது இந்த ஊரின் அசையாச் சொத்து. பலகையிலிருந்து கணினியைக் கழற்ற விதியில் இடமுண்டு. கணினியிலிருந்து பலகையைக் கழற்ற இடமில்லை. நானும் மனிசன்தான், எனக்கும் உங்கள் கஷ்டம் விளங்குது. நான் இருபது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். ஒரு கணினியையாவது திருத்தினேனா? இல்லை. ஒரு பலகையாவது விழுந்ததா? அதுவும் இல்லை. இந்தப் பேரைக் காப்பாற்றிக்கொண்டு ஓய்வுபெற விடுங்கள்."

போகும்போது, தான் பரிசோதித்ததற்கு அடையாளமாகக் கணினியின் மறுபக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். அந்தப் பக்கத்தில் காற்று உள்ளே போக இரண்டு சிறு துளைகள் இருந்தன.

"இப்ப நல்லா மூச்சு முட்டும்" என்றார் கமீலா. வாகனம் போனபிறகு அவர் அழுதார். றஊபுக்குக் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, மௌத்தாகிக் கண்மூடும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மாமனாருக்கு மறுமையில் நான் என்ன பதில் சொல்வேன் என்று அழுதார்.

விசாரணை நாளன்று றஊப் கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே ஐஸ் அறைக்குப் போனார். வேறு என்ன செய்ய? அவருக்குத் தெரிந்த உலகத்தில் கெட்டுப்போகக் கூடாத எதையும் ஐஸில்தான் வைப்பார்கள். கணினியைப் பொலித்தீனில் சுற்றி, மீன் அடைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டிமேல் வைத்து, பித்தளைப் பலகையை மட்டும் வெளியே விட்டு, அதைச் சுற்றி ஐஸ் துண்டுகளைக் குவித்தார். பித்தளை சூட்டை வாங்கி ஐஸுக்குக் கொடுத்தது. விசிறி அடங்கியது. பலகையால் யாருக்கோ பிரயோசனம் உண்டானது அதுவே முதல் தடவை. பின்னால் பாரை மீன்கள் வரிசையாகக் கிடந்தன. றஊப் குல்லாவைச் சரிசெய்துகொண்டு திரைக்கு முன் குந்தினார். கமீலா சால்வையால் போர்த்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

பேர் கூப்பிட்டார்கள். "ஓம், இருக்கிறன்!" என்று கத்தினார் றஊப்.

விசாரணை உத்தியோகத்தர் டயனா மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார். "ஏன் இப்பிடி நடுங்கிறீங்கள்? உங்களை ஆராவது வெருட்டினவையோ?"

"இ... இல்ல மிஸ். கு... குளிருது."

"பயப்படாமல் சொல்லுங்கோ. பயத்தில சொல்லுற சாட்சியத்தை நான் பதிய ஏலாது. பின்னால கிடக்கிறது என்ன?"

"பாரை மிஸ்."

"பாரையோ." டயனா மிஸ் எதையோ எழுதினார். பிறகு காணியைப் பற்றிக் கேட்டார். றஊப் பல் கிட்டிக்கக் கிட்டிக்க நான்கு எல்லையையும் சொன்னார். கிணற்றுக் கட்டில் வாப்பா பதித்த சிப்பியைச் சொன்னார். யாருடைய காணிக்கு யாருடைய காணி கிழக்கு என்று சொன்னார். டயனா மிஸ் தலையாட்டிக்கொண்டே வந்தார். கதவோரத்தில் கமீலாவின் உதடு ஓதிக்கொண்டிருந்தது.

"எல்லாம் பொருந்துது. ஆனால் ஒண்டு கேக்க வேணும். உங்கட முகத்துக்குக் கீழ ஒரு வரி ஓடிக்கொண்டிருக்கு. நீங்களே வாசியுங்கோ."

சபை எந்த வீடியோவின் அடியிலும் தன் பெயரை ஓடவிடும் என்பது றஊபுக்குத் தெரியாது. குனிந்து வாசித்தார். தவிசாளரின் பெயருக்குப் பிறகு, 'புத்தளம் கரையோர நிரந்தரவாசிகளின் பாவனைக்கு மட்டும்' என்று ஓடியது.

"நீங்கள் அங்கத்த நிரந்தரவாசியெண்டால் இஞ்ச மன்னாரில எப்பிடிக் காணி கேக்கிறீங்கள்?"

அத்தனை மாதமும் அணையாதே, அணையாதே என்று றஊப் துஆக் கேட்ட கணினி அது. இப்போது அணைந்துவிடு என்று கேட்டார். அது கண்ணாடிபோல் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

"மிஸ், இஞ்ச நாங்க முப்பது வருசத்துக்கு மேல அகதி. போன கிழமையும் எங்கள மன்னார் ஆக்கள் எண்டுதான் சொன்னாங்க" என்றார் றஊப். குரல் குளிரினால் மட்டும் நடுங்கவில்லை.

"எனக்கு விளங்குது ஐயா. ஆனால் எழுத்தில இருக்கே" என்றார் டயனா மிஸ். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். வருத்தத்தைப் பதிய இடமில்லை.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மன்னாரில் காணி கேட்ட விவரம் எப்படியோ சபைக்கும் எட்டியது. மன்னாரில் உரிமை கோரும் ஒருவர் புத்தளத்து நிரந்தரவாசியாக இருக்க முடியாது, ஆகவே கணினியை மீளப்பெறுக என்று கட்டளை வந்தது. மதுரனும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். மதுரன் சட்டைப்பையிலிருந்து ஒரு திருப்புளி எடுத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருகினார். வாசலில் நின்ற நான் ஒரு சுருட்டைப் பற்றவைத்து முடிப்பதற்குள் பலகை கையோடு வந்துவிட்டது.

"பலகை அசையாச் சொத்து நானா. அது ஊருக்கு. கணினிய மட்டும்தான் கொண்டுபோகச் சொன்னது" என்று தரையைப் பார்த்துச் சொன்னார் மதுரன். அவருடைய கக்கத்தில் கணினி சத்தமே இல்லாமல், குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

றஊப் பலகையை மடியில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். அதில் எந்த ஊர் என்றும் எழுதியிருக்கவில்லை, எது என்றும் எழுதியிருக்கவில்லை. பெயர்களுக்கும் பட்டங்களுக்கும் கீழே 'இது மக்களுக்காகத் திறந்து வைக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. சபை எல்லாத் திறப்புகளுக்கும் மொத்தமாக அடிப்பிக்கிற வாசகம் அது.

"சீமெந்து ஒரு பை வாங்குங்க" என்றார் கமீலா.

இருவரும் மன்னாருக்குப் பஸ் ஏறினார்கள். போகிற வழியெல்லாம் கமீலா பலகையைப் பிள்ளையைப்போல் மடியில் வைத்திருந்தாராம். மச்சானின் வீட்டில் மண்வெட்டி வாங்கி, வாப்பாவின் கிணற்றடியில் ஒரு சீமெந்துத் தூண் எழுப்பி, பலகையை அதில் பதித்தார்கள். வேலை முடிந்ததும் கமீலா ஒரு துண்டுச் சிவப்பு நாடாவைக் கட்டி, தானே வெட்டினார்.

திணைக்களத்து ஆட்கள் காணியை அளக்க வந்தார்கள். அளவுச் சங்கிலியோடு கிணற்றடிவரை வந்தவர்கள் பலகையைக் கண்டதும் நின்றார்கள். மேலதிகாரி தொப்பியைக் கழற்றினார். தவிசாளரின் பெயரையும் பட்டங்களையும் கடைசிவரை வாசித்தார். இது எப்போது திறந்தது, எங்களுக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று தனக்குக் கீழே இருந்தவரை ஏசினார். அவர் தனக்குக் கீழே இருந்தவரை ஏசினார். பிறகு நட்டிருந்த எல்லைக்கற்களைப் பிடுங்கி, பலகையிலிருந்து மரியாதையான தூரத்தில் கொண்டுபோய் நட்டார்கள். எவ்வளவு தூரம் மரியாதை என்று அவர்களுக்குத் தெரியாததால், அங்கே நின்ற றஊபைத்தான் கேட்டார்கள். றஊப் நான்கு பக்கமும் நடந்து காட்டினார்.

"நீங்கள் எந்த ஊர்?" என்று கடைசியில் கேட்டார் மேலதிகாரி.

றஊப் பலகையைக் காட்டினார். அதிகாரி ஒருதரம் வாசித்தார், தலையாட்டினார், வேறொன்றும் கேட்கவில்லை.